‘நிக்கும்’ என்று விற்ற சார்ஜர்: பாபநாசம் வழியாகச் சேரன்மகாதேவிக்கு

பாபநாசம் போக நினைக்கிறவர்களுக்காக அருவி, கோயில், தங்குமிடம் பற்றியெல்லாம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எழுதுகிற மேசையில் அந்தச் சார்ஜர் இருக்கிறது. நாலு ஓட்டையோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிகிறது. ஆகவே இந்தக் கட்டுரை பாதி ஊரைப் பற்றியும் பாதி சார்ஜரைப் பற்றியும் இருக்கும். அருவிக்கு வழி தெரிந்தால் போதும் என்பவர்கள் நடுவில் இரண்டு மூன்று பத்திகளைப் படித்துவிட்டுக் கிளம்பலாம், நான் வருத்தப்பட மாட்டேன். எல்லாச் சாமானுக்கும் சேர்த்து ஒரே சார்ஜர் வாங்கிக்கொண்டு பயணம் போகலாம் என்று திட்டம் போட்டிருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை இருங்கள்.

பயணம் போன தை மாதம் நடந்தது. என் அக்கா லில்லியின் மகன் தானியேலுக்குச் சேரன்மகாதேவியில் நிச்சயம் வைத்திருந்தார்கள். பெண் வீட்டில், சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு. அக்கா பாளையங்கோட்டையில் இருக்கிறாள். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. நான் சென்னையிலிருந்து வியாழன் இரவு ரயிலில் ஏறி வெள்ளி காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கினேன்.

அக்காவுக்குப் பத்து வருடமாகக் காது மந்தம். அது அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்ததில்லை. மற்றவர்கள்தான் அதைக் கஷ்டமாக்கினார்கள். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய மூத்த மகளுக்கு நிச்சயம் நடந்தபோது ஐயர் (எங்கள் பக்கம் சபையின் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம்) ஜெபம் முடித்து, இரண்டு வீட்டுப் பெற்றோரிடமும் சம்மதம் கேட்டார். அக்காவுக்கு விழவில்லை. அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அத்தானின் அண்ணன், நாங்கள் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர், முந்திக்கொண்டார். “அவளுக்குக் கேக்காது ஐயா. சம்மதம்தான், நீங்க மேல நடத்துங்க” என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. என்ன ஏது என்று தெரியாமல் அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெரியத்தான் மேல் ஆத்திரம் வருகிறது. பெற்ற மகளுக்குச் சம்மதம் சொல்ல வாய் இருக்கிறவளுக்கு இவர் யார் வாய் கொடுக்க?

அதற்குப் பிறகு அக்கா கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். தானியேலுக்குப் பெண் அமைந்ததும், யாரிடமும் கேட்காமல் ஒரு நாள் தனியாகப் போய்க் காதுக்கருவி வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டு காதுக்கும் இரண்டு, கொண்டைக்கடலை அளவு. ராத்திரி ஒரு சின்னப் பெட்டியில் வைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டும். என்னை ஃபோனில் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: “இந்தத் தடவ நானே சொல்லுவேன்.”

கருவி வாங்கிய இடத்தில், சத்தம் உள்ள இடங்களுக்குப் போய்ப் பழகுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் கண்ணில் படாமல் பழக வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம். சரி, வெள்ளிக்கிழமை பாபநாசம் போய்த் தங்கி, காலையில் அருவிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, அங்கிருந்தே நேராக நிச்சயத்துக்குப் போவோம் என்று நான்தான் திட்டம் போட்டேன்.

இப்போது சார்ஜருக்கு வருகிறேன். என் மடிக்கணினி, என் ஃபோன், கைக்கடிகாரம், அக்காவின் ஃபோன், காதுக்கருவிப் பெட்டி. ஐந்துக்கும் ஐந்து சார்ஜர், அவற்றின் வயர்கள் எல்லாம் பைக்குள் கிடந்து பாம்புப் பிடாரன் கூடை மாதிரி ஆகிவிடும். தங்கும் விடுதியிலோ ஒரு பிளக்தான் இருக்கும். அதனால் மேசையில் வைக்கிற மாதிரி, பல ஓட்டை உள்ள சார்ஜர் ஒன்று வாங்கிவிடலாம் என்று காலைச் சாப்பாடு முடிந்ததும் வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்கு விளம்பரம் ஆகிவிடும்.

கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். நான் கேட்டு முடிப்பதற்குள் ஒரு பெட்டியை எடுத்து வைத்துவிட்டார். “இது கேன்க்கா, புதுசு” என்றார். கேன் என்றால் எனக்குத் தண்ணீர்க் கேன்தான் தெரியும். சின்ன உருவத்தில் சூடு குறைவாக நிறைய மின்சாரம் தள்ளுகிற புது வகைக்கு அப்படிச் சொல்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. பெட்டி மேல் கட்டை விரல் உயரத்துக்கு நூறு வாட் என்று போட்டிருந்தது. சி வகைச் சின்ன ஓட்டை மூன்று, பழைய அகல ஓட்டை ஒன்று. சுவரில் தொங்காமல் இருக்க ஒன்றரை மீட்டர் வயர். விலை இரண்டாயிரத்து எழுநூறு.

கைக்கடிகாரத்தை விட்டு மற்ற நாலையும் ஒரே நேரத்தில் போடலாமா என்று கேட்டேன். மடிக்கணினி உண்டு என்றும், அக்காவின் காதுக்கருவி உண்டு என்றும் விவரமாகவே சொன்னேன்.

“தாராளமா போடுங்கக்கா. நூறு வாட்டுல்லா. சார்ஜ் அப்படியே நிக்கும்” என்றார்.

நிக்கும். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இறங்காமல் தாங்கும் என்பதற்கு எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பழைய ஃபோன் வாங்குகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வியே ‘சார்ஜ் நிக்குதா’ என்பதுதான். நான் நம்பிக்கையோடு வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து, ஐந்து பழைய சார்ஜர்களையும் அக்காவின் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, வயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வேய்ந்தான்குளம் புதுப் பேருந்து நிலையத்திலிருந்து பாபநாசத்துக்கு அடிக்கடி பேருந்து இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகப் போகிற வண்டியில் ஏறினால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வலது பக்க ஜன்னலுக்கு அடித்துப் பிடித்து இடம் போடுங்கள். ஆறு அந்தப் பக்கம்தான் விட்டு விட்டுத் தெரியும். பிசானப் பருவத்து நெல் கதிர் தள்ளிக்கொண்டிருந்த நேரம். அக்கா கருவியை மாட்டிக்கொண்டு வந்தாள். ஹாரன் அடித்தபோதெல்லாம் திடுக்கிட்டாள். பின்சீட்டில் இரண்டு பேர் உர மூட்டை பற்றிப் பேசிக்கொண்டு வந்ததை ஒரு வரி விடாமல் என்னிடம் திருப்பிச் சொன்னாள். “இவ்வளவு வெட்டிப் பேச்சாட்டி பேசுதாங்க எல்லாரும்?” என்று கேட்டாள். பத்து வருட மிச்சத்தை ஒரே நாளில் கேட்டுவிடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

விடுதி கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில். இரண்டு பேருக்கு ஆயிரத்து முந்நூறு. அறை சுத்தம், போர்வை சுத்தம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அறைக்கு ஒரே ஒரு பிளக், அதுவும் டிவிக்குப் பின்னால், என் உயரத்துக்கு மேல். விடுதி கட்டுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. மனுஷன் கட்டிலில் படுப்பானா, டிவிக்குப் பின்னால் தொங்குவானா? அந்த விஷயத்தில் ஒன்றரை மீட்டர் வயர் என் மானத்தைக் காப்பாற்றியது. டிவியின் வயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் சார்ஜரைச் செருகி, மேசை மேல் வைத்தேன்.

சாயங்காலம் கோயிலுக்குப் பக்கத்துப் படித்துறையில் உட்கார்ந்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு, ஏழரைக்கு அறைக்கு வந்தோம். கோயிலும் படித்துறையும் பக்கம் பக்கம்தான். தண்ணீரில் இறங்குகிறவர்கள் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆழம் கண்ணுக்குத் தெரியாது. அக்கா கருவிகளைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டி வயரை அகல ஓட்டையில் செருகினேன், பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு ஃபோனையும் செருகினேன், ஏறின. அலுவலக வேலை கொஞ்சம் பாக்கி இருந்தது. அதை முடித்ததும் கடைசியாக மிச்சமிருந்த ஓட்டையில் மடிக்கணினியைச் செருகிவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்ததும் அக்காவின் முகத்துக்கு நேராக நின்று, கையால் பெட்டியைக் காட்டி, உதடு பிரித்துக் கேட்டேன்: “அக்கா, சார்ஜ் நிக்குதா?”

அக்கா குனிந்து பெட்டியைப் பார்த்தாள். “நிக்குது” என்றாள்.

நல்லது என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

இந்த இடத்தில் என்ன நடந்தது என்பது எனக்கு மறுநாள்தான் விளங்கியது. நான் கேட்டது, தாங்குகிறதா என்று. அவள் சொன்னது, ஏறுவது நின்றுவிட்டது என்று. சார்ஜ் தாங்கினாலும் நிக்குது, சார்ஜ் ஏறாமல் போனாலும் நிக்குது. அதற்கும் நிக்குது, இதற்கும் நிக்குது! பெட்டி முழுசாக ஏறினதும் விளக்கு அணைந்துவிடும் என்று கருவி வாங்கிய இடத்தில் சொல்லியிருந்தார்களாம். விளக்கு அணைந்திருந்தது. ஏறி முடிந்துவிட்டது என்று அவளுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

காலை ஆறரைக்கு ஆட்டோ பிடித்து அகஸ்தியர் அருவிக்குப் போனோம். போகவர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய் பேசினேன். வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைப் பிரித்துப் பார்ப்பார்கள். சோப்பு, ஷாம்பூ, பிளாஸ்டிக் எதுவும் கொண்டுபோகாதீர்கள். சாவடி திறக்கிற நேரம் மாறுகிறது, அணைத் தண்ணீர் திறப்பைப் பொறுத்து மூடியும் விடுகிறார்கள், அதனால் முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். குரங்குகளுக்குப் பயமே கிடையாது. கையில் தின்பண்டம் வேண்டாம். சனிக்கிழமை என்றாலும் அந்த நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் இல்லை. வருடம் முழுக்கத் தண்ணீர் விழுகிற அருவி இது. தை மாதத்தில் அளவாக, பயம் இல்லாமல் குளிக்கிற மாதிரி இருந்தது.

அக்கா குளிக்க வரவில்லை. சாரல் தெறிக்காத தூரத்தில் ஒரு பாறை மேல் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, பெட்டியைத் திறந்து, கருவிகளை எடுத்து மாட்டினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக அவள் இந்த அருவிச் சத்தத்தைக் கேட்டது அத்தானோடு வந்தபோது. கருவி போட்டதும் காதுக்குள் சின்னதாக ஒரு இசை கேட்கும் என்று சொல்லியிருந்தாள். கேட்டிருக்க வேண்டும், கண் விரிந்தது. அப்புறம் கழுத்தைச் சாய்த்தாள். ஒரு கருவியைக் கழற்றி மறுபடி மாட்டினாள். அடுத்ததையும் கழற்றி மாட்டினாள்.

பக்கத்தில் போய், கேட்கிறதா என்று சைகையில் கேட்டேன்.

அக்கா அருவியைப் பார்த்தாள். “விழுதது தெரியுது” என்றாள்.

எனக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. எப்போதும் அப்படித்தான். திட்டுவதற்கு அங்கே குரங்குகளைத் தவிர யாரும் இல்லை. ஆட்டோவில் திரும்பும்போது சார்ஜர் வந்த பெட்டியைப் பையிலிருந்து எடுத்து, அதன் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். நூறு வாட் என்பது ஒரே ஒரு சாமான் செருகினால் மட்டும். இரண்டு செருகினால் ஒரு பங்கு, மூன்று செருகினால் வேறு பங்கு. நாலும் செருகினால் மடிக்கணினிக்குப் பெரும் பங்கு, இன்னொரு சின்ன ஓட்டைக்கு ஒரு பங்கு, மிச்சம் இருக்கிற பதினைந்து வாட்டை ஒரு சின்ன ஓட்டையும் அகல ஓட்டையும் தங்களுக்குள் அடித்துக்கொள்ள வேண்டும். புதிதாக எதையாவது செருகினால் எல்லா ஓட்டையும் ஒரு கணம் அணைந்து, யார் யாருக்கு எவ்வளவு என்று மறுபடி பங்கு பிரித்துக்கொண்டு எழும். ஃபோன்கள் எழுந்துகொண்டன. மடிக்கணினி எழுந்துகொண்டது. காதுக்கருவிப் பெட்டி கேட்பது ஒரு சொட்டு மின்சாரம். அவ்வளவு சின்னக் குரலில் கேட்கிறவர் அங்கே இருப்பதாகவே அந்தச் சார்ஜர் எடுத்துக்கொள்ளவில்லை. மின்சாரம் நின்றதும் கருவிகள் பெட்டிக்குள்ளேயே விழித்துக்கொண்டு, ராத்திரி முழுக்க என் குறட்டையைக் கேட்டே தீர்ந்துபோயிருக்கின்றன.

பெரிய ஆள் வந்து உட்கார்ந்ததும் சின்ன ஆளை எழுப்பிவிடுகிற பழக்கம் நம் வீட்டு விசேஷங்களில்தான் உண்டு என்று நினைத்திருந்தேன். அதையும் செய்து, நூறு வாட் என்று பெயரும் போட்டு, இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்க்கு விற்கிறார்கள்.

எட்டே முக்காலுக்கு அறைக்கு வந்ததும் மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பெட்டியை மட்டும் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஒன்பது மணிக்கு ஊரிலேயே கரண்ட் போனது. கீழே ஓடிப்போய் விடுதி மேலாளரிடம் கேட்டேன். இன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்தான் வரும், நேற்றே பேப்பரில் போட்டிருந்தார்களே என்றார். ஜெனரேட்டர் உண்டு, ஆனால் அது விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும்தானாம். பிளக்குக்கு வராதாம். ஃபேனுக்குக் கொடுக்கிற மகராசன் ஒரு பிளக்குக்குக் கொடுத்தால் குறைந்தா போவான்? மேலே வந்து சேலை கட்டிக்கொண்டேன். அக்கா ஏற்கனவே கட்டி முடித்து, அரக்குப் பட்டில், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெரியத்தான் பத்தரைக்கே போய் உட்கார்ந்துவிடுவார் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பத்து மணிக்குச் சுடலை அண்ணாச்சியின் வாடகைக் காரில் கிளம்பினோம். சேரன்மகாதேவி முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆயிரத்து இருநூறு. காரில் சார்ஜ் போடுகிற ஓட்டை இருக்கிறதா என்று ஏறும்போதே கேட்டேன். “இருக்கும்மா. ஆனா அது செத்து வருசமாச்சு” என்றார். அதில் ஒரு வாசனை டப்பாவைச் சொருகி வைத்திருந்தார். பையின் அடியில் ஒரு பவர் பேங்க் கிடப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது, எடுத்துப் பெட்டியில் செருகினேன். அரை நிமிடம் பச்சை எரிந்து, அணைந்தது. மறுபடி அழுத்தினேன், அதே அரை நிமிடம். இதுவும் அதே ஜாதி. இவ்வளவு கொஞ்சமாக யாரும் குடிக்க மாட்டார்கள், ஆகவே யாரும் இல்லை என்று முடிவு கட்டித் தானாக அணைந்துகொள்கிறது. கல்லிடைக்குறிச்சி தாண்டுகிற வரைக்கும் அரை நிமிடத்துக்கு ஒரு தரம் அதை அழுத்திக்கொண்டு, வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அண்ணாச்சி கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏட்டி, ராத்திரி பூரா குடிச்சது உன் பொட்டிதான?” என்று என் மடிக்கணினிப் பையைக் காட்டினாள். “அதுட்டயே வாங்கு.”

மடிக்கணினியில் சார்ஜ் நூறு சதவீதம் இருந்தது. பக்கவாட்டில் அகல ஓட்டையும் இருந்தது. திறந்து மடியில் வைத்து, பெட்டி வயரைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. மூடினால் கணினி தூங்கிவிடும் என்பதால் திறந்தபடியே பிடித்துக்கொண்டேன். விஷயம் புரிந்ததும் அண்ணாச்சி ஏசியைக் கூட்டி வைத்து, மேடு பள்ளத்தில் வண்டியைப் பைய இறக்கி ஏற்றினார். “பைய போனாலும் பதினோரு மணிக்குள்ள அங்கன எறக்கிவிட்டுருவேன்” என்றார். இருபத்தைந்து நிமிடம் ஏறியிருக்கும். ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம் என்று அக்கா கணக்குப் போட்டுச் சொன்னாள். நிகழ்ச்சி பதினொன்றரைக்கு. ஐயர் கேள்வி கேட்பது முதல் இருபது நிமிடத்துக்குள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஐயர் வேறொரு வீட்டு ஜெபத்தில் மாட்டிக்கொண்டு பன்னிரண்டே காலுக்குத்தான் வந்தார்.

அதுவரை நான் பெண் வீட்டார் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா உள்ளறையில் கல்யாணப் பெண் ஷெரினோடு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு மெல்லிய குரல். எதிரில் இருக்கிற எனக்கே பாதி விழவில்லை. இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொள்கிற மாதிரி உட்கார்ந்து பேசினார்கள். கழற்றிக் கொடு, இந்த வீட்டுப் பிளக்கில் ஏற்றித் தருகிறேன் என்று அக்காவுக்கு இரண்டு தரம் சைகை காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஐயர் வந்தார். பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம் முடிந்தது. முதலில் பெண்ணின் அப்பா அம்மாவிடம் கேட்டார், சம்மதம் என்றார்கள். அடுத்து எங்கள் பக்கம் திரும்பினார். பெரியத்தான் முன்வரிசையில், ஐயருக்கு நேர் எதிரே, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அவருக்குப் பக்கத்தில். ஐயரின் கண் பழக்கத்தில் பெரியத்தானிடம்தான் போனது. அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அவளுக்கு...” என்று ஆரம்பித்தார்.

அக்கா கையை நீட்டி அவர் முன்னால் மறித்தாள். எழுந்து நின்றாள்.

“ஐயா, எம்மொகத்தப் பாத்துக் கேளுங்க” என்றாள்.

ஐயருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெரியத்தானை விட்டுவிட்டு அக்காவுக்கு நேராகத் திரும்பி நின்று, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உங்கள் மகனுக்கு இந்தப் பெண்ணைக் கொள்ளச் சம்மதமா என்று கேட்டார்.

“சம்மதம்” என்றாள் அக்கா. தானியேல் தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்தான். பெரியத்தான் நாற்காலியை மெதுவாகப் பின்னால் தள்ளிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மூன்று வருட எரிச்சல் அடங்கினது போல இருந்தது. பந்தியில் இரண்டாம் தரம் பாயசம் வாங்கிக் குடித்தேன்.

இனி, வாங்கப் போகிறவர்களுக்கு. பெட்டியின் முன்பக்க எண்ணை நம்பாதீர்கள், அது ஒற்றைச் சாமானுக்கு. பின்பக்கத்தில் எத்தனை செருகினால் யாருக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியல் இருக்கும். அது இல்லையென்றால் அந்தச் சார்ஜரையே கையில் எடுக்க வேண்டாம். அரசுத் தரச் சான்றின் பதிவு எண் அச்சடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் மடிக்கணினியின் பழைய சார்ஜரில் எத்தனை வாட் என்று பார்த்து, எல்லா ஓட்டையும் நிறைந்திருக்கும்போதும் அவ்வளவு கிடைக்குமா என்று ஒத்துப் பாருங்கள். கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள்: ஒரு ஃபோனைச் செருகி, அது ஏறும்போது இன்னொன்றைச் செருகுங்கள். முதல் ஃபோன் ஒரு கணம் அணைந்து எழுந்தால், அது பங்கு மாற்றுகிற ஜாதி. ஒரு ஓட்டையின் பங்கு எதற்கும் மாறாத வகையும் கிடைக்கிறது, விலை கூடுதல், கேட்டு வாங்குங்கள். வேறு வழியில்லை என்றால் பெரிய சாமானை முதலில் செருகி, சின்னதைக் கடைசியில் செருகுங்கள். நான் செய்தது தலைகீழ். அகல ஓட்டை ஒன்றாவது இருக்கட்டும், சுவரில் தொங்குகிற வகையைவிட வயர் உள்ளது மேல்.

இதைவிட முக்கியம் ஒன்று. காதுக்கருவி, சர்க்கரை பார்க்கிற கருவி, இப்படி ஒரு ஆள் நம்பியிருக்கிற சின்னச் சாமான் எதுவானாலும், அதன் சொந்தச் சார்ஜரைக் கூடவே எடுத்துப் போங்கள். அது பையில் பிடிக்கிற இடம் ஒரு எலுமிச்சம்பழ அளவுதான். மின்தடை உண்டா என்று முந்தின நாள் பேப்பரைப் பாருங்கள். முக்கியமாக, ‘நிக்குதா’ என்று கேட்காதீர்கள். ‘ஏறுதா’ என்று கேளுங்கள்.

மூன்று மணிக்கு அதே காரில் பாளையங்கோட்டைக்குக் கிளம்பினோம், இருபது கிலோமீட்டர் சொச்சம். வழியில் நான் பெரியத்தானின் மூஞ்சி போன போக்கை விவரித்து, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு வந்தேன். அக்கா வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தரம் கூப்பிட்டும் திரும்பவில்லை. தோளைத் தொட்டேன். திரும்பினாள்.

“எப்பக்கா நின்னுச்சு?” என்று கேட்டேன். இந்தத் தடவை அர்த்தம் குழம்பவில்லை.

“அந்தப் பிள்ள பேசி முடிக்கும்போதே நின்னுட்டு” என்றாள். “என்ன அருமையா பேசுதா தெரியுமாட்டி. அவ சொன்னதெல்லாம் கேட்டேன், அது போதும்.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. அப்படியென்றால் ஐயர் வந்தபோது அவளுக்கு ஒன்றுமே கேட்டிருக்காது. பாட்டு, வாசிப்பு, ஜெபம், எதுவுமே. “அப்ப ஐயரு கேட்டது?”

“அதான் மொகத்தப் பாத்துக் கேக்கச் சொன்னேன், வாயப் பாக்கணும்லா” என்றாள் அக்கா. கருவிகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினாள். “எனக்குக் கேக்கல. ஆனா என்னட்டதான கேட்டாரு?”